ஏழாவது வெடி

நம் கிணற்று ஊழியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டது. முதல் முறை வந்தவரிடம் கண் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் நான் பத்திரிகையைக் கையில் எடுத்துவிட்டேன், அதை அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

துளை போடுவது எப்படி, எந்தப் பாறைக்கு எந்த முனை என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். இப்போது கிணற்று வெடி வேலையே குறைந்துவிட்டது. ஆழ்துளை இயந்திரம் வந்து அரை நாளில் முடித்துவிட்டுப் போகிறது. ஆனால் ஊருக்குள் போய் நின்று, ஊரார் உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் சொல்வதை நம்பி ஒரு காரியத்தில் இறங்குவது மட்டும் மாறவில்லை. அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அது நான் பெருமைப்படும் கதை அல்ல.

அறுபதுகளின் கடைசி வருடங்கள். நான் அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் ஃபிட்டர். எங்கள் சபையில் கோடை விடுமுறைக்குச் சிலர் சேர்ந்து வறண்ட ஊர்களில் கிணறு வெட்டும் ஊழியத்துக்குப் போவோம். சம்பளம் கிடையாது. சோறு உண்டு, அதுவும் பல நாள் கம்பங்கூழ். எங்கள் தலைவர் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர், நாங்கள் சார் என்றே கூப்பிடுவோம். நல்ல மனிதர். பாட்டு என்றால் உயிர். அவருக்குப் பொறுமை பாட்டில் மட்டும்தான் உண்டு, மற்ற எல்லாவற்றிலும் அவசரம்.

திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் இடையில் ஒரு சின்ன ஊர். கரிசலும் வேலிக்கருவையும் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாது. பெண்கள் இரண்டு மைல் நடந்து ஓர் ஊருணிக்குப் போவார்கள். சித்திரை பிறந்தால் அதில் சேறுதான் இருக்கும், சேற்றில் குழி தோண்டிச் சிரட்டையால் மொண்டு வருவார்கள். முதல் வருடம் நாங்கள் அங்கே போய்க் கரிசலைத் தோண்டி, அடியில் இருந்த சுக்கான் கல்லையும் கடந்து, கருங்கல்லில் போய் முட்டியபோது பள்ளிக்கூட விடுமுறை முடிந்துவிட்டது. சார் ஊரைக் கூட்டி, "அடுத்த வாரம் வந்துருவோம்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

நாங்கள் போனது அடுத்த வருடம்.

ஒரு ஊருக்கு முதல் முறை போவது சுலபம். மாலை போட்டாலும் போடுவார்கள். திரும்பிப் போகும்போதுதான் தெரியும் நாம் யார் என்று. எங்கள் ஜீப் ஊருக்குள் நுழைந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முந்தின வருடம் ஓடி வந்து மோர் கொடுத்தவர்கள் அந்தந்த வீட்டுக்குள் இருந்துகொண்டார்கள். பாதியில் நின்ற கிணற்றில் ஆடு விழாமல் இருக்க முள் வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். ஊருக்குப் பொறுப்பான பெரியவர் மட்டும் மெதுவாக நடந்து வந்தார். சாரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சாரு, அடுத்த வாரம் வந்துருச்சா?" என்றார்.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் அந்த வருடம் பேய் மாதிரி வேலை வாங்கினார் என்று இப்போது நினைக்கிறேன்.

வெடி வேலைக்கு மட்டும் லைசன்ஸ் வைத்திருந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தோம். கல் குவாரியில் இருபது வருடம் இருந்தவர். எங்கள் வேதத்தில் அவருக்கு நாட்டம் இல்லை, நாங்கள் ஜெபிக்கும்போது பீடியை மட்டும் அணைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். இருபது வருட வெடியில் அவருக்குக் காது மந்தம். பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும், தூரத்துச் சத்தம் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். ஆகவே பாறையில் துளை போடும் கம்ப்ரஸரை ஓட்டுவதோடு எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். வெடியை எண்ணுவது.

எத்தனை துளையில் தோட்டா வைத்தோமோ அத்தனை வெடி கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒரு தோட்டா வெடிக்காமல் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் கடப்பாரை பட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நான் விரலைக் காட்டுவேன், அவர் தலையாட்டுவார், அதன் பிறகுதான் ஊர்க்காரர்கள் கல் அள்ள இறங்குவார்கள். மூன்று வாரமும் தவறில்லாமல் நடந்தது.

சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடைசி வெடி அடங்கியதும் ஒரு கீர்த்தனையை எடுப்பார். நாங்களும் சேர்ந்துகொள்வோம். ஊர்ப் பெண்களுக்கு அது பிடித்துவிட்டது. நாங்கள் பாடத் தொடங்கியதும் அவர்கள் குலவை போடுவார்கள். எங்கள் பாட்டுக்கும் அவர்கள் குலவைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் கேட்க நன்றாகவே இருக்கும். கோபமாக இருந்த ஊர் அந்தச் சத்தத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக எங்களிடம் பேசத் தொடங்கியது.

அந்தச் சனிக்கிழமை ஏழு துளை. முந்தின நாளே பாறை இடுக்கில் ஈரம் கண்டிருந்தது. மறுநாள் ஞாயிறு ஆராதனையில் எங்கள் குழு சாட்சி சொல்ல வேண்டும் என்று சார் ஏற்கெனவே எங்கள் சபைக் கோயிலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போன வருடம் விட்டுவிட்டு வந்த ஊருக்குத் திரும்பிப் போனோம், கர்த்தர் தண்ணீர் கொடுத்தார், என்று சொல்ல வேண்டும். சாட்சிக்குத் தண்ணீர் வேண்டுமே, அதனால் காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உச்சி வெயிலில் திரி கொளுத்தினார்கள். வெடிகாரர் மேலே ஏறி வந்து மண்மேட்டுக்குப் பின்னால் என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது வெடியில் கல்லோடு சேறும் தண்ணீரும் மேலே வந்து விழுந்தன. என் சட்டையில் நான்கைந்து சொட்டு பட்டது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய குலவையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சார் எழுந்து நின்றுவிட்டார். வெடி முடியவில்லை என்பது அவருக்கு மறந்துவிட்டது. கீர்த்தனையை எடுத்தார், எங்கள் ஆட்களும் எழுந்து பாடினார்கள்.

நானும் பாடினேன்.

எனக்குக் குரல் பெரிது. கோயிலில் என்னைப் பின் வரிசையில் நிறுத்துவதே அதனால்தான். பாடிக்கொண்டிருக்கும்போதே கீழே வெடித்துக்கொண்டும் இருந்தது. அதை நான் கேட்டேன். எண்ணவில்லை. பாட்டு அடங்கியபோது புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. வெடிகாரர் என் தோளைத் தட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

நான் ஒரு கையை விரித்து, மறுகையில் இரண்டு விரலைக் காட்டினேன். ஏழு.

ஏன் அப்படிக் காட்டினேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எண்ண வேண்டியவன் பாடிவிட்டேன் என்று சொல்ல வெட்கம், அது ஒன்று. தெரியவில்லை என்றால் கிணற்றை அன்று முழுக்க மூடிப் போட வேண்டும், சாரின் சாட்சி போய்விடும், ஊரார் பழையபடி எங்களைப் பார்ப்பார்கள், அது இன்னொன்று. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் இவ்வளவும் என் தலையில் ஓடவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஏழு என்பது அந்தச் சந்தோஷத்துக்குப் பொருந்திய எண்ணாக இருந்தது.

நான் ஏழு என்றதால் வெடிகாரர் இறங்கிப் பார்க்கவில்லை. புகை கலைந்ததும் மேலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கீழே உடைந்த கல் குவிந்து கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் ஊர்க்காரர்களே இறங்கிக் கல் அள்ளுவதாக ஏற்பாடு. எங்கள் ஆட்கள் நால்வர் திருச்சுழிக்கு நடந்து பஸ் பிடிக்கப் போனார்கள். சாரும் வெடிகாரரும் நானும் கம்ப்ரஸர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினோம்.

"திங்கக்கெழம வருவீகளா, இல்ல அடுத்த வாரமா?" என்றார் பெரியவர். இந்த முறை சிரித்துக்கொண்டே கேட்டார்.

கடைசித் தெருவில் ஜீப் மெதுவாகப் போகும்போது ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. பேச்சி என்ற பெண். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள், பச்சை உடம்புக்காரி, வெளியே வரக் கூடாது. அவள் புருஷன் கருப்பசாமிதான் எப்போதும் முதலில் கிணற்றில் இறங்குகிறவன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது, முகம் தெரியவில்லை.

"அண்ணே, வெடி எத்தனண்ணே?"

"ஏழும்மா" என்றேன்.

"புள்ளைக்கு ஒவ்வொரு வெடிக்கும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. மடியில வச்சிருந்தேன். ஆறு தடவதான் போட்டுச்சுண்ணே."

சார் ஹாரனை அடித்தார். நான் கொஞ்சம் எரிச்சலோடு திரும்பிச் சொன்னேன்: "ஏழுதாம்மா. எண்ணுறவன் நான்."

"சரிண்ணே" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

பந்தல்குடிக்கு ஏழு மைல் வண்டிப்பாதை. டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஜீப் ஊர்ந்துதான் போகும். சார் வழியெல்லாம் மறுநாள் பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அந்தக் குழந்தையைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த வீடு கிணற்றிலிருந்து தள்ளி இருக்கிறது, குலவையும் பாட்டும் அங்கே மங்கலாகத்தான் கேட்டிருக்கும். பதினோரு நாள் குழந்தைக்கு ஆராதனை இல்லை, வெட்கம் இல்லை, ஏழு என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தரை அதிர்ந்தால் அதற்கு உடம்பு தூக்கிப் போடும், அதிராவிட்டால் தூங்கும். நான் மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தேன். நான்கு வரைக்கும் தெளிவாக வந்தது. அதற்கு மேல் பாட்டுதான் வந்தது.

பந்தல்குடியில் லாரிகள் நிற்கும் டீக்கடையில் இறங்கினோம். நான் டீயைக் குடிக்காமல் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். வெடிகாரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எண்ணுனியா, இல்ல நெனச்சியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பேச்சி சொன்னதையும் சேர்த்து. அவர் டீயைக் கீழே வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சார்தான் பேசினார். "ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்ப்பா. அப்பப்ப அப்பிடி ஆகுறதுதான். அந்தப் பொண்ணு ஆறுன்னா அது ஏழாவும் இருக்கலாம்ல?"

அது தவறான பேச்சு இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு திரி ஒரே நேரத்தில் எரிந்து முடிந்தால் இரண்டு வெடி ஒன்றாகக் கேட்பது உண்டு. அப்படியே இருக்கலாம். திரும்பிப் போனால் சாட்சி போய்விடும், ஒன்றும் இல்லாததற்காக ஊரைக் கலவரப்படுத்தியதாகவும் ஆகிவிடும். நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சொல்வதை நம்பிக்கொள்ளலாம் போல எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது.

வெடிகாரர் தலையை ஆட்டினார். "இருக்கலாம்தான் சாரு. இருக்கலாம்னு சொல்லிக்கிட்டு எறங்குனவுகள நான் பொறுக்கியிருக்கேன்."

சார் கடைக்குள் எட்டிப் பார்த்தார். கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. ஊரில் நாலரைக்கு இறங்குவார்கள், ஆர்வத்தில் நாலு மணிக்கே இறங்கினாலும் இறங்குவார்கள். சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"டிரெய்லரக் கழட்டிப் போடு" என்றார்.

டிரெய்லரை லாரி ஷெட்டில் விட்டுவிட்டுத் திரும்பினோம். அந்தப் பாதையில் ஜீப்பை அப்படி ஓட்டியவரை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. சித்திரை வெயில், பழைய ஜீப். ஊருக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்து வண்டி நின்றுவிட்டது. சார் எங்கள் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கி ஊற்றப் போனார், ஆறுவதற்குள் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டார். வெடிகாரர் என்னைப் பிடித்துத் தள்ளினார்.

"ஓடு. நான் பின்னால வாரேன். போய் எறங்கவிடாத. எறங்கியிருந்தா, வெடின்னு கத்திராத."

நான் கரிசல் வெடிப்புகளுக்குள் குறுக்கே ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. ஓடும்போது வெடி என்று ஏன் கத்தக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. கிணற்று மண்மேடு கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் புரிந்தது. மேட்டைச் சுற்றி ஊரே நின்றுகொண்டிருந்தது. உருளையில் வடக்கயிறு ஓடிக்கொண்டிருந்தது, கல் நிறைந்த கூடை மேலே வந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது.

உள்ளே நாலு பேர் இறங்கிவிட்டார்கள்.

வெடி வெடி என்று கத்துவது அந்தப் பகுதியில் திரி கொளுத்தியாகிவிட்டது, ஓடு என்பதற்கு அடையாளம். அதைக் கேட்டால் கீழே இருக்கிறவர்கள் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஏறுவார்கள். நாலு பேர், நாலு கடப்பாரை. எது எங்கே விழும் என்று யார் சொல்ல முடியும்? மேலே இருக்கும் பெண்கள் அலறுவார்கள், யாராவது கயிற்றை விட்டுவிடுவார்கள், கூடையில் இருக்கும் கல் முழுவதும் கீழே போகும். கத்தாமல் இருந்தாலோ அடுத்த குத்து எங்கே விழப் போகிறது என்று தெரியாது. நான் மேட்டில் நின்று மூச்சு வாங்கினேன். நின்ற நேரம் பத்து விநாடி கூட இருக்காது. அதற்குள் கடப்பாரை நாலைந்து தடவை கல்லில் பட்டது.

கருப்பசாமியிடம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மேலே வா என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. அவன் பதறி ஓடி வருவான். மற்ற மூன்று பேர் குத்திக்கொண்டே இருப்பார்கள். அது ஆகாது. மத்தியானம் ஒரு பொய் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

பெரியவர் என்னைப் பார்த்துவிட்டார். "என்னய்யா, செருப்புக் கூட இல்லாம? எதையும் மறந்துட்டீகளா?"

"பெரியவரே" என்றேன். அவர் காதுக்குப் பக்கத்தில் போனேன். "மத்தியானம் நான் ஏழுன்னு சொன்னது பொய். நான் எண்ணல. பாடிக்கிட்டு இருந்துட்டேன். ஒரு தோட்டா வெடிக்காம உள்ள இருந்தாலும் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு அப்படியே இருக்கிறது. அதில் கோபம் இல்லை. போன வருடம் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், இந்த வருடம் ஓடி வந்து பொய் சொன்னேன் என்கிறார்கள். எதை நம்புவது? கூடை மேலே வந்துவிட்டது. கயிறு இழுத்தவர்கள் கல்லைக் கொட்டிவிட்டுக் கூடையை மறுபடி உள்ளே விடப் போனார்கள். பெரியவர் கையை நீட்டிக் கூடையைப் பிடித்துக்கொண்டார். கிணற்று விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்தார். வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"ஏலே கருப்பசாமி."

"என்ன பெரியா?"

"கம்பிய அப்பிடியே கையில புடிச்சுக்க. குத்தாத, கீழயும் போடாத. மத்தவுகளும் அப்பிடித்தான். கம்பிய மெல்லக் கூடைல வையுங்க. வச்சுட்டு ஒவ்வொருத்தரா ஏறி வாங்க. வந்த தடத்துலயே கால வச்சு வாங்க."

"எதுக்கு?"

"நாஞ் சொல்றேன்ல."

கடப்பாரைச் சத்தம் நின்றது. பிறகு கூடை இறங்கியது. நான்கு கடப்பாரையும் அதில் வந்தன, ஒன்றோடொன்று இடிக்காமல் யாரோ துண்டைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஆட்கள் பக்கவாட்டுப் படிக்கல் வழியாக ஏறினார்கள். முதல் ஆள். இரண்டாவது ஆள். மேலே நின்றவர்களுக்கு விஷயம் மெல்லப் புரிந்துவிட்டது, ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் அப்படிக் குலவை போட்ட பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது ஆள் ஏறும்போது அவன் காலடியிலிருந்து ஒரு கல் பெயர்ந்து உருண்டு கீழே விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாகக் கருப்பசாமி வந்தான். அவன் தலை விளிம்புக்கு மேலே தெரிந்ததும் பெரியவர் அவன் கையைப் பிடித்து இழுத்து வெகுதூரம் கொண்டுபோய் விட்டார்.

அதன் பிறகுதான் வெடிகாரர் வந்து சேர்ந்தார். யாரிடமும் பேசாமல் படியில் இறங்கினார். கீழே அவர் கல்லை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து ஓரத்தில் வைப்பதை நாங்கள் தூரத்தில் நின்று அனுமானித்துக்கொண்டிருந்தோம். சுட்ட கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாரும் வந்துவிட்டார். அவர் ஜெபிக்கவில்லை, பாடவில்லை. மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

வெடிகாரர் மேலே வந்தார். என்னைப் பார்த்து ஒரு கையை விரித்து மறுகையில் ஒரு விரலைக் காட்டினார். பிறகு கருப்பசாமியைக் கூப்பிட்டு, அவன் கடப்பாரை கடைசியாகப் பட்ட வெள்ளைத் தடத்துக்கும் அந்தத் துளைக்கும் எவ்வளவு தூரம் என்று விரலை விரித்துக் காட்டினார். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உள்ள தூரம்.

கருப்பசாமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அந்தப் பெரிய கல்லப் பொரட்டிட்டு அங்கதான் குத்தணும்னு இருந்தேன்" என்றான்.

வெடிக்காத தோட்டாவைத் தோண்டி எடுக்கக் கூடாது, பக்கத்தில் வேறு துளை போட்டுத்தான் தீர்க்க வேண்டும். கம்ப்ரஸர் பந்தல்குடியில் கிடந்தது. கிணற்றைச் சுற்றி ஆள் நிறுத்தினோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபையில் மணி அடிக்கும் நேரத்தில் நான் டிரெய்லரை இறக்கிக்கொண்டிருந்தேன். ஓய்வுநாளில் வேலை செய்வதில்லை என்று முந்தின வருடம் இதே ஊரில் ஒரு பிரசங்கமே செய்தவர் சார். அன்று அவரே கூடை சுமந்தார். பெரியவர் அதைப் பார்த்தும் கேலி எதுவும் சொல்லவில்லை. துளை போட்டு, திரி கொளுத்தி, எல்லாரும் மேட்டுக்குப் பின்னால் படுத்தோம். ஒருவரும் இருமக்கூட இல்லை. ஒரே வெடி, பெரிய வெடி. வெடிகாரருக்கே கேட்டது. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தவில்லை, நேரே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது எனக்கு உறைத்தது.

தண்ணீர் வந்தது. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பின்னர் ஆலை வேலையை விட்டுவிட்டு இந்த ஊழியத்துக்கே முழு நேரமாக வந்தேன். முப்பது வருடம் வெடி எண்ணியிருக்கிறேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்ததில்லை. எண்ணத் தவறிய நாள் அதன் பிறகும் இரண்டு உண்டு. இரண்டு நாளும் தெரியவில்லை என்று சொன்னேன், கிணறு மூடிக் கிடந்தது, ஊர் முணுமுணுத்தது, வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். திரும்பிப் போவதற்கு வெட்கப்படாதீர்கள். அதுவும் ஒரு செருப்போடு போக நேர்ந்தால் கட்டாயம் போங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பேச்சி வீட்டு வாசலுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். கதவு முந்தின நாள் மாதிரியே ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. ஒம் பிள்ளைதாம்மா சரியா எண்ணியிருக்கு என்று சொன்னேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் மட்டும் வந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது. அதனால் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"ஆறுன்னு ஒனக்குத் தெரியும்ல தாயி? பெறகு ஏன் அவர எறங்கவிட்ட?"

கதவுக்குப் பின்னாலிருந்து அழுகிற குரல் வந்தது.

"எண்ணுறவுக நீங்கன்னு சொன்னீகளேண்ணே. எம்புள்ளதான் தப்பா எண்ணிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அவரு கம்பிய எடுத்துக்கிட்டுப் போகும்போது நான் ஒண்ணும் சொல்லல."